வாரியக் குடியிருப்பில் வேலையில்லாதோர்க்கு முதலில் எது: முகாமா, பயிற்சியா, கடனா, தரைத்தளத்தில் ஒரு மேசையா?

திருநெல்வேலியில் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், குடிசைகளில் இருந்தவர்களுக்காக அரசு வாரியம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அந்த வாரியக் குடியிருப்பின் நலச் சங்கத்தாரிடம் இப்போது இருப்பது மிகச் சிறிய முதல்தான். தரைத்தளத்தில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையும், ஒருவருக்கு ஓராண்டு சம்பளம் கொடுக்கப் போதுமான நன்கொடையும் அவர்கள் கையில் இருக்கின்றன. இதைக் கொண்டு குடியிருப்பில் வேலையின்றி இருப்பவர்களுக்கு வழி செய்ய வேண்டும் என்பதில் சங்கத்தில் இரு கருத்து இல்லை. எந்த வழி என்பதில்தான் கூட்டம் மூன்று முறை கூடியும் முடிவு எட்டவில்லை. பெரிதாக ஒரு வேலைவாய்ப்பு முகாம் நடத்தலாம் என்கிறார் ஒருவர். பெண்களுக்குத் தையல் கற்றுக் கொடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். கடன் வாங்கிக் கொடுத்தால் அவரவர் பிழைத்துக்கொள்வார்கள் என்பது மூத்தவர்களின் எண்ணம். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஆள் அனுப்புவதே நிலையான வழி என்பது இளைஞர்களின் எண்ணம். பூட்டிய அறையில் மேசை போட்டு, வேலை தேடுவோருக்கு உதவ ஒருவரை அமர்த்தலாம் என்ற பேச்சும் எழுந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன் என்ற முறையில் இவற்றை ஒப்பிட்டு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். அந்தக் குடியிருப்பின் பிள்ளைகள் பலர் என்னிடம் படித்தவர்கள் என்பதால், இதை வெறும் கணக்காக என்னால் பார்க்க இயலவில்லை.

வேலையில்லாதவர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டால் எல்லா வழியும் சரியாகத்தான் தோன்றும். ஆகவே, யாருக்காக இந்தத் தேடல் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். வாய்க்கால் புறம்போக்கில் குடிசை போட்டிருந்த காலத்தில் நயினார்குளம் காய்கறிச் சந்தைக்கு நடந்தே போய் மூட்டை இறக்கியவர் ஒருவர் இப்போது இங்கே இரண்டாம் மாடியில் இருக்கிறார். சந்தைக்கு லாரிகள் விடியும் முன்பே வந்துவிடும். இங்கிருந்து முதல் டவுன் பஸ் பிடித்து அவர் போய்ச் சேர்வதற்குள் சுமை இறக்கி முடிந்திருக்கும். கான்கிரீட் வீடு கிடைத்தது. கூடவே, இருபது ஆண்டுகளாகச் செய்த சோலி கைநழுவிப் போயிற்று. அவருக்கு உடலில் வலு இருக்கிறது, தொழிலும் தெரியும். அவரையும் சந்தையையும் பிரித்தது தூரமும் நேரமும் மட்டுமே. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு பல நகரங்களில் கட்டிய குடியிருப்புகளில் இதே கதையைக் கேட்கலாம். நகரின் நடுவில் நிலம் கிடைக்காததால் ஓரத்தில் வீடு கட்டப்படுகிறது, ஆனால் கூலி வேலை நடுவிலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாம் மாடி நடைவழியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள் வேறு வகையினர். அரசின் கணக்கில் அவர்கள் வேலையில் இருப்பவர்கள். ஆனால் இலையும் தூளும் வாரத்தில் சில நாள்களே கிடைக்கின்றன. கொண்டுபோய்க் கொடுத்தால் கடையில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் கூலி. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் இந்தத் தொழிலை நம்பியே பல தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. இந்தப் பெண்களை வேலை இருப்பவர்கள் என்று ஒதுக்கிவிட்டு எந்தத் திட்டம் போட்டாலும் அது பாதிக் குடியிருப்பை விட்டுவிட்ட திட்டமாகும். அடுத்ததாகப் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள். கடைசியாக, இனிமேல் இத்தகைய குடியிருப்புகளுக்கு வரக்கூடிய மலைமக்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தேயிலைத் தோட்டங்களுக்கான 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிவதை முன்னிட்டு, 2024-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு வாரியக் குடியிருப்புகளில் வீடு தருவதாக அரசு சொல்லியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத ஐம்பது வயதுப் பெண்மணி சமவெளியில் ஒரு மாடி வீட்டுக்கு வந்து இறங்கினால், அவருக்கு நாம் என்ன வேலை காட்டப் போகிறோம்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே எல்லா வழிகளையும் எடைபோட்டேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இதே மாவட்டத்தில் ஊராட்சிப் பகுதியில் உள்ள சமத்துவபுரத்தில் வீடு பெற்ற குடும்பத்துக்கும் மாநகராட்சி எல்லைக்குள் வாரிய வீடு பெற்ற குடும்பத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் அரசின் வேலை உறுதித் திட்டம் ஊரகத்துக்கு மட்டுமே உரியது. ஊராட்சியில் இருப்பவர், கையில் ஒன்றும் இல்லாத மாதத்தில் கண்மாய் வேலைக்காவது போகலாம். மாநகராட்சிக்குள் இருப்பவருக்கு அந்தக் கடைசிப் பிடிமானமும் கிடையாது. ஆகவே நகரக் குடியிருப்பில் செய்யும் எந்த ஏற்பாடும் சீக்கிரம் கூலி கிடைக்கும்படி இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பலன் தரும் வழி எவ்வளவு சிறந்ததானாலும், அடுப்பில் உலை வைக்க வேண்டியவருக்கு அது உதவாது.

முகாமிலிருந்து தொடங்குகிறேன். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் தனியார் நிறுவனங்களை அழைத்து முகாம்களை நடத்துகின்றன. தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். செலவு குறைவு, ஒரே நாளில் பல நிறுவனங்களைப் பார்த்துவிடலாம், சங்கத்துக்கும் பெயர் கிடைக்கும். இவை எல்லாம் உண்மைதான். ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த முகாமுக்குக் குடியிருப்பிலிருந்து ஒன்பது பேரை நானே அழைத்துப் போனேன். அவர்களில் பீடி சுற்றும் அம்மா ஒருவர், சான்றிதழ்களைத் துணிக்கடைப் பையில் வைத்து, அந்தப் பையை மறுபடி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நெஞ்சோடு அணைத்தபடி வரிசையில் நின்றார். படிவத்தில் முன் அனுபவம் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. "பத்தொம்பது வருசம் பீடி சுத்துனது இதுல சேருமா சார்?" என்று என்னிடம் கேட்டார். எழுதுங்கள் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் அந்த வரியைப் படிக்கவே இல்லை. வயதைப் பார்த்தார், தாளை அடுக்கில் வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை: "பேரு எழுதுதாவ, போன் பண்ணுதோம்னு சொல்லுதாவ. இது மூணாவது தடவ சார்."

ஒன்பது பேரில் இருவருக்கு வேலை கிடைத்தது, இருவரும் பட்டதாரிகள். அதில் ஒருவர் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். வேலை வேறு மாவட்டத்தில். தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்ததுபோக மிஞ்சியது, வீட்டுக்கு அனுப்பும்படி இல்லை. முகாமைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. முகாம் ஒரு சந்தை. பொருளைக் கொண்டுபோய் விரிக்கத் தெரிந்தவருக்கே சந்தை பயன்படும். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, ஷிப்ட் எப்போது, நேரடி வேலையா ஒப்பந்தமா என்று முன்கூட்டிக் கேட்டுச் சொல்ல ஓர் ஆளும், பிறகு மூன்று மாதம் தொடர்ந்து விசாரிக்க ஓர் ஆளும் இருந்தால்தான் அது ஏழை வீட்டுக்குப் பலன் தரும். அந்த ஆள் இல்லாமல் சங்கம் தன் பணத்தைப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழிப்பது எனக்குச் சம்மதமில்லை.

பயிற்சியைப் பற்றி ஆசிரியனாகிய நான் குறைவாகப் பேசினால் அது நியாயமாகாது. பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளைக்குப் பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தைவிட நல்ல வழி எங்கள் பகுதியில் இல்லை என்றே நான் எண்ணுகிறேன். படிப்புக்குக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் கீழ் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் சான்றிதழோடு வெளியே வரும் பையனுக்குக் கதவு திறக்கிறது. ஆனால் இது பதினாறு வயதுக்காரருக்கு உரிய வழி. இரண்டு பிள்ளைகளும் ஒரு தவணைக் கடனும் உள்ள முப்பத்தைந்து வயதுக்காரரால் ஓராண்டோ ஈராண்டோ கூலியில்லாமல் உட்கார்ந்து கற்க முடியாது.

குறுகிய காலப் பயிற்சிகள் நிலை வேறு. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொண்டு அமைப்பு இதே குடியிருப்பில் தையல் வகுப்பு நடத்தியது. நல்ல மனத்தோடுதான் நடத்தினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். சான்றிதழ் வழங்கும் விழாவில் நானும் கலந்துகொண்டேன். ஆனால் ஒரே கட்டடத்தில் இத்தனை தையல்காரர்கள் உருவானபின் யார் யாருக்குத் தைப்பது? ரெடிமேட் கடைகளின் காலத்தில் ஜாக்கெட்டும் பால்ஸும் தவிர வீட்டுக்கு வரும் துணி குறைவு. இப்போது அவர்களில் வருமானத்துக்காகத் தைப்பவர்கள் மூவர். மற்ற வீடுகளில் மிஷின்மேல் துணி போர்த்தி, அதன்மேல் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். கற்றுக் கொடுத்ததில் தவறு இல்லை. கற்றபின் யார் வேலை தருவார் என்று முன்பே கேட்காததுதான் தவறு. வேலை தருபவர் ஒருவர் இன்ன திறன் தெரிந்த ஐந்து பேர் வேண்டும் என்று வாய்திறந்து கேட்டபின், அந்த ஐந்து பேருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் ஒரு நாளும் வீணாகாது. பயிற்சிக்கு நாள் ஒன்றுக்குக் கொஞ்சம் படியும் சேர்த்துக் கொடுத்தால் கூலிக்குப் போகும் பெண்ணும் வந்து உட்காருவார்.

கடனைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. திட்டங்கள் இல்லாமல் இல்லை. மாவட்டத் தொழில் மையத்தின் வழியே வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் வரையிலான தொழிலுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 3.75 லட்சம் கிடைக்கும். தெருவோர வியாபாரிகளுக்கு 2020-இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணை இப்போது 15,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. இட்லி மாவு அரைத்து விற்பவருக்கும், தள்ளுவண்டியில் பழம் விற்பவருக்கும், பத்தமடைப் பாயோ காருகுறிச்சிப் பானையோ எடுத்துக் கைமாற்றி விற்பவருக்கும் இது உயிர்நீர். கந்துவட்டியின் பிடியிலிருந்து ஒரு வியாபாரியை மீட்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ஆனால் வியாபாரம் அறிந்தவருக்கு முதல் கொடுப்பதும், வேலை இழந்தவரைக் கடன் கொடுத்து வியாபாரியாக்குவதும் ஒன்றல்ல. மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் கடை வைக்க இடமில்லை. தரைத்தளத்தில் வைத்தால் பத்துக் கடையும் ஒரே நூறு வீட்டை நம்பித்தான் நிற்க வேண்டும். வங்கியில் பங்குத்தொகை கேட்பார்கள், விலைப்புள்ளி கேட்பார்கள், ஏற்கெனவே வாங்கிய குழு லோன் நிலுவையைப் பார்ப்பார்கள். அங்கே திருப்பி அனுப்பப்பட்டவர் நேரே வட்டிக்காரர் வாசலுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். வாரத் தவணைக்காரர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள் அந்தக் கட்டடத்தில் இருக்கின்றன. சம்பளம் இல்லாத வீட்டுக்குத் தவணையை அனுப்பி வைப்பதை உதவி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் கடன் வழி காட்டலாம், மற்றவர்களுக்கு வேண்டாம்.

சிப்காட்டைப் பொறுத்தவரை இளைஞர்கள் சொல்வதில் பெரும் நியாயம் இருக்கிறது. மதுரைச் சாலையில் இருக்கும் கங்கைகொண்டானில் டயர் தொழிற்சாலை பல ஆண்டுகளாக நடக்கிறது. 2025 பிப்ரவரியில் டாடா பவர் குழுமத்தின் சூரிய மின்தகடு தொழிற்சாலை திறக்கப்பட்டது, அங்கே பெண்களுக்கே பெரும்பாலான இடங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள சம்பளம் பீடிக் கூலியோடு ஒப்பிடவே முடியாதது. ஆனால் வழியில் மூன்று கற்கள் கிடக்கின்றன. முதலாவது வயதும் படிப்பும்: உற்பத்திப் பிரிவுக்கு இளம் வயதினரையே கேட்கிறார்கள், நாற்பதைத் தாண்டியவருக்குக் கேன்டீன், தோட்டம், துப்புரவு ஆகிய ஒப்பந்த வேலைகளே மிஞ்சும். இரண்டாவது இடைத்தரகர்: ஆள் சேர்த்துவிடுகிறேன் என்று இரண்டு மாதச் சம்பளத்தைக் கமிஷனாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பணம் கொடுத்து ஏமாந்த வீடு இந்தக் குடியிருப்பிலேயே உண்டு. மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது, போய் வருவது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம். இது எங்கள் பகுதிப் பெண்களின் உலகத்தை எவ்வளவு அகலமாக்கியது என்பதை எழுத ஒரு தனிக் கட்டுரை வேண்டும். என்றாலும், இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் டவுன் பஸ் இல்லை. நிறுவனப் பேருந்து பெரிய சாலையில் நின்று ஏற்றிச் செல்கிறது; அங்கிருந்து குடியிருப்புக்கு விளக்கில்லாத சாலையில் நடக்க வேண்டும். "பஸ்ஸு இங்கன வாசல்ல நின்னா எம் மகள நாளைக்கே அனுப்புவேன்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் சங்கத்தின் மூன்று கூட்டங்களைவிடத் தெளிவாக இருந்தது. பேருந்தைக் குடியிருப்பு வாசலுக்குத் திருப்பும்படி நிறுவனத்திடம் பேசுவதற்குக் காசு செலவில்லை. பத்துப் பெண்கள் இங்கிருந்து வரத் தயார் என்று பெயர்ப்பட்டியலோடு சங்கம் போய்க் கேட்டால், நிறுவனமும் மறுக்கக் காரணம் குறைவு. சாலை விளக்குக்கு மாநகராட்சியிடம் மனுக் கொடுப்பதும் இதே வேலைவாய்ப்புப் பணியின் ஒரு பகுதியாகவே எனக்குப் படுகிறது.

இதுவரை யாரும் கூட்டத்தில் சொல்லாத ஒரு வழி இருக்கிறது. கட்டடமே ஒரு வேலை தரும் இடம். தண்ணீர் மோட்டார் போடுவது, தொட்டி கழுவுவது, படிக்கட்டு பெருக்குவது, குழாய் பழுது, மின்பழுது, சுண்ணாம்பு, பெயின்ட், வடிகால் அடைப்பு என்று ஆண்டு முழுவதும் ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" என்ற திட்டத்தில் குடியிருப்போர் நலச் சங்கம் பராமரிப்புக் கட்டணமாக வசூலிக்கும் தொகைக்கு ஈடான தொகையை அரசும் தருகிறது. அந்தப் பணத்தில் வெளியிலிருந்து பிளம்பரையும் பெயின்டரையும் கூப்பிட்டுக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அதே கட்டடத்தில் கொத்தனாரும் கையாளும் வேலையில்லாமல் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வேலைகளுக்கு முதல் உரிமை குடியிருப்பவருக்கே என்று சங்கம் ஒரு தீர்மானம் போட்டால் போதும். ஐந்தாறு குடும்பங்களுக்கு உடனே கூலி உண்டு. தூரமும் பஸ்ஸும் குறுக்கே நிற்காத ஒரே வேலை இதுதான். மலையிலிருந்து வரும் ஐம்பது வயதுப் பெண்மணிக்கும் சுற்றுச்சுவர் ஓரத்தில் நாற்றங்கால் போட்டு, செடி வளர்த்துக் கொடுக்கும் வேலையை இங்கே உருவாக்க முடியும்; செடியின் குணம் அவருக்குத் தெரிந்த அளவு நம்மில் யாருக்கும் தெரியாது.

இந்த வழிக்கு இரண்டு வரம்புகளைக் கண்டிப்பாக வைக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; எவ்வளவு அவசரமானாலும், எவரே முன்வந்தாலும், அதற்கு இயந்திர வண்டியைத்தான் அழைக்க வேண்டும். இன்னொன்று, எங்கள் சீமைக்காரர்கள் வெளிப்படையாகப் பேசத் தயங்குவது. பெருக்கும் வேலை என்றதும் இன்ன சாதிக்காரரை நோக்கிக் கை நீளும் வழக்கம் மாடி வீட்டுக்கு வந்தபின்னும் போகவில்லை. மோட்டார் சாவி ஒரு சாதிக்கும் விளக்குமாறு ஒரு சாதிக்கும் என்று பங்கு பிரியுமானால், நாம் வேலை கொடுக்கவில்லை, பழைய சேரியைத்தான் கான்கிரீட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். எல்லா வேலைக்கும் விண்ணப்பம், எல்லாருக்கும் முறை மாற்றம், வங்கிக் கணக்கில் முழுக் கூலி என்பதிலிருந்து சங்கம் இம்மியும் விலகக் கூடாது.

இனி மேசை. தரைத்தள அறையைத் திறந்து, குடியிருப்பிலேயே இருக்கும் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, வேலை தேடும் ஒவ்வொருவரோடும் அவருக்கு வேலை கிடைத்து நிலைக்கும் வரை கூடவே நடக்கச் செய்வது. கேட்க மிகச் சாதாரணமாக இருப்பதால்தான் கூட்டத்தில் இதற்கு வரவேற்பு இல்லை. ஆனால் உலகத்தில் எங்கே இது அளந்து பார்க்கப்பட்டதோ அங்கே பலன் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில் 1998 முதல் 2003 வரை ஆறு நகரங்களின் பொதுக் குடியிருப்புகளில் ஜாப்ஸ் பிளஸ் என்ற திட்டத்தை நடத்தினார்கள். குடியிருப்புக்குள்ளேயே வேலைவாய்ப்பு உதவி, வேலைக்குப் போவதால் வாடகை ஏறிவிடாதபடி ஒரு ஏற்பாடு, அண்டை அயலார் ஒருவருக்கொருவர் வேலைச் செய்தி சொல்லிக்கொள்ளும் பழக்கம் ஆகிய மூன்றும் அதில் சேர்ந்திருந்தன. மூன்றையும் முழுமையாகச் செய்த மூன்று இடங்களில், ஒப்பீட்டுக்கு எடுத்த குடியிருப்புகளைவிட அங்கிருந்தவர்களின் ஆண்டு வருவாய் சராசரியாக 14 சதவீதம் கூடியிருந்தது. அரைகுறையாகச் செய்த இடங்களில் அத்தகைய பலன் தெரியவில்லை.

அந்த நாட்டின் நிலைமை அப்படியே நமக்குப் பொருந்தாது. அங்கே வருமானம் கூடினால் வாடகையும் கூடும், அதனால் வேலைக்குப் போகவே தயங்குவார்கள். இங்கே பராமரிப்புக் கட்டணம் வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் நம்மிடம் வேறொரு அச்சம் இருக்கிறது. பி.எஃப். பிடிக்கும் கம்பெனியில் சேர்ந்தால் மகளிர் உரிமைத்தொகை நின்றுபோகும் என்று பல பெண்கள் நம்புகிறார்கள். அந்தத் தொகைக்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய்தான். கணவனின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டி, இன்ன எல்லை வரை அச்சம் வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால், நாலு பேர் நாளைக்கே கிளம்புவார்கள்.

மேசையில் அமர்பவர் செய்ய வேண்டியவை இப்படிச் சிறியவைதாம். ஆதாரில் பழைய குடிசை முகவரியை மாற்றித் தருவது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க நினைவூட்டுவது. பதிவு ஐந்தாண்டு ஆகியும் வேலை கிடைக்காதவருக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருந்தால், படிப்புக்கேற்ப மாதம் 200 முதல் 600 ரூபாய் வரை உதவித்தொகை உண்டு, அதற்கு விண்ணப்பம் எழுதித் தருவது. கொத்தனாரைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் சேர்ப்பது. முதல் நாள் நேர்காணலுக்குக் கூடவே பஸ் ஏறிப் போவது. பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு ஆச்சியிடம் பேசி ஏற்பாடு செய்வது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் கழித்து, சாயங்காலம் வீட்டுக்குப் போய், "சூப்பர்வைசர் எப்படி இருக்காரு? சம்பளம் சொன்னபடி போட்டாவளா?" என்று கேட்பது. வேலையை விட்டுவிடுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அந்த மாதத்தில் கூட நிற்கும் ஒருவரின் மதிப்பை எந்தச் சான்றிதழும் ஈடுசெய்யாது.

இதிலும் ஆபத்து உண்டு. எல்லாம் ஒரே ஆளைப் பொறுத்திருக்கிறது. அவர் கட்சிக்காரராகவோ தன் சொந்தக்காரர்களுக்கு மட்டும் சொல்பவராகவோ போய்விட்டால் மேசை மூன்று மாதத்தில் காலியாகும். யாருக்கு எவ்வளவு கடன், யார் ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்பதெல்லாம் அவர் காதுக்கு வரும். அது படியேறி வெளியே போனால் மறுநாள் ஒருவரும் வரமாட்டார். ஆகவே சங்கத் தலைவரின் உறவினர் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பாவது படித்த, கைப்பேசியில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த, எல்லாப் பிளாக்கிலும் கதவு தட்டக்கூடிய ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது. குறிப்பேடு பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை சங்கத்துக்கு எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும், பெயர்கள் வேண்டாம்.

ஆகவே என் பரிந்துரை இது. நன்கொடைப் பணம் முழுவதும் இந்த ஆண்டு மேசைக்குப் போகட்டும். பராமரிப்புப் பணத்தில் நடக்கும் வேலைகளைக் குடியிருப்பவருக்கே கொடுக்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றுங்கள். அதற்குப் புதிதாகக் காசு தேவையில்லை. சிப்காட் பேருந்துக்கும் சாலை விளக்குக்கும் சங்கத்தின் செயலாளரும் நானும் சேர்ந்து போய்ப் பேசுகிறோம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பேட்டை ஐ.டி.ஐ. விண்ணப்பங்களை அதே மேசையில் நிரப்பிக் கொடுக்கலாம். முகாம் மாவட்ட மையம் நடத்தும்போது நடக்கட்டும், நம் ஆட்களைத் தயார் செய்து அழைத்துப் போவோம். தையல் வகுப்புக்கும் கடனுக்கும் இந்த ஆண்டு சங்கத்தின் பணத்தில் ஒரு ரூபாயும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் நிலைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம். கணக்கு வேறு மாதிரி சொன்னால் என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

அறையைக் காலை பத்து மணிக்குத் திறப்பதாகச் சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது. மாலை ஆறரைக்குத் திறந்து ஒன்பது வரை வைத்திருங்கள். வேலை தேடி அலைந்தவரும் பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தவரும் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். குறிப்பேட்டின் முதல் கட்டத்தில் படிப்பையும் வயதையும் கேட்க வேண்டாம். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப முடியும், எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று கேட்டு எழுதட்டும். அதற்கு அடுத்த கட்டத்துக்கு முன் அனுபவம் என்று தலைப்பிட்டு, பத்தொன்பது ஆண்டு பீடி சுற்றிய அந்த அம்மாவை முதல் ஆளாக அழைத்து, அவர் சொல்வதை முழுமையாக எழுதிக்கொள்ளட்டும்.